உலகம்மாள் நின்ற இடத்தில் மாதுளை

மலையான்சமுத்திரம் கீழத்தெருவில் குடியிருந்து, கடைவீதியில் ஜாக்கெட் துணி விற்கும் மேட்சிங் சென்டருக்கு வேலைக்குப் போய்வந்துகொண்டிருந்த உலகம்மாள், ஒரு வைகாசி முகூர்த்தத்துக்குப் பிறகு புகைப்படங்களில் மாதுளைச் செடியாகத் தெரிய ஆரம்பித்தாள். தெருப்பெண் ஒருத்தியின் அந்தக் கல்யாண ஆல்பம் வந்தபோது தெருவே கூடி உட்கார்ந்து அதைப் புரட்டிப் பார்த்தது. மேடையில் மாப்பிள்ளையின் சித்தப்பாவுக்கும் பெண்ணின் அத்தைக்கும் நடுவில், உலகம்மாள் கத்தரிப்பூ நிறப் பட்டுச்சேலையில் நின்ற இடத்தில், ஆளுயர மாதுளை ஒன்று மண்டபத்துச் சிவப்புக் கம்பளத்தில் வேர்விட்டு நின்றது. பூவில்லை, காயில்லை, இலைகூட அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருந்தது.

"உலகு எங்கன நிக்கா?" என்று கேட்டாள் ஒருத்தி.

"இந்தா நிக்காளே, சித்தப்பா பக்கத்துல."

"ஆமா. ஆளு கொஞ்சம் மெலிஞ்சுட்டா, என்ன?"

அதோடு அடுத்த பக்கத்தைத் திருப்பினார்கள்.

படம் எடுத்த ஸ்டுடியோ ஞானதுரைக்கு மட்டும் தொழில் கவலை வந்தது. அவர் உலகம்மாளை வரச்சொல்லி, உட்காரவைத்தும் நிற்கவைத்தும், நீலத் திரைக்கு முன்னாலும் வெள்ளைத் திரைக்கு முன்னாலும், விளக்கை மாற்றியும் லென்ஸை மாற்றியும் எடுத்துப் பார்த்தார். எல்லாப் படத்திலும் அதே மாதுளை, உலகம்மாள் எப்போதும் நிற்பதைப் போலவே ஒரு தோளைத் தாழ்த்தி, இடப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்து நின்றது. நிலைக்கண்ணாடியில் பார்த்தால் அவள் அவளாகத்தான் இருந்தாள். படமென்று ஒன்று விழுந்தால்தான் செடி.

"ஃபோகஸெல்லாம் சரியாத்தான்க்கா இருக்கு. நீங்க இப்பிடித்தான் வாரீய" என்று சொல்லி அவர் விளக்கை அணைத்தார்.

ஏன் இப்படி என்று யாரும் ரொம்ப தூரம் யோசிக்கவில்லை. சாரல் காலம் நெருங்கிக்கொண்டிருந்தது, உடைந்த ஓடுகளை மாற்ற வேண்டியிருந்தது, மலையில் மேகம் இறங்குவதற்குள் வற்றலைக் காயவைத்து எடுக்க வேண்டியிருந்தது. வங்கியில் புதிதாகப் படம் கேட்டார்கள் என்று உலகம்மாள் ஒரு மாதுளைப் படத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது, அங்கிருந்த அதிகாரி படத்தையும் அவளையும் மாறிமாறிப் பார்த்து, சாய்வு ஒத்துப்போகிறது என்று ஒட்டிக்கொண்டார். "கிளை மாறினா மட்டும் வந்து சொல்லிருங்கம்மா" என்றார். எந்தக் கிளையைச் சொல்கிறார் என்று அவளுக்குப் புரியவில்லை. சரிங்க சார் என்று வந்துவிட்டாள்.

அவளுக்கு இதில் வருத்தம்கூட இல்லை. படத்தில் தன் முகம் வராதது ஒருவகையில் நல்லதுதான் என்றே நினைத்தாள். ஏனென்றால் உலகம்மாளுக்கு உலகம்மாளைப் பிடிக்காது. கடைக்கு வருகிற எந்தப் பெண்ணிடமும் முகம் சுளிக்காதவள், துண்டுத் துணியை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ச் சேலையோடு வைத்து வைத்துப் பார்த்து, "இது ஒங்க நெறத்துக்கு நல்லா எடுக்கும்க்கா" என்று அலுக்காமல் சொல்கிறவள், தன்னிடம் பேசும்போது மட்டும் தெருநாயிடம்கூட யாரும் பேசாத விதத்தில் பேசுவாள். பால் பொங்கினால் 'கூறுகெட்ட மூதி' என்பாள். பஸ்ஸைத் தவறவிட்டால் 'சவம், ஒனக்கு எதுக்குக் காலு' என்பாள். கை தவறி ஒரு டம்ளர் விழுந்தால், 'ஒன்னையக் கட்டிக்கிட்டு அந்த மனுசன் என்ன சொகத்தக் கண்டாரு' என்று, இறந்துபோன புருஷன் வேலாயுதம் வரைக்கும் போவாள். வாயசைத்துத்தான் சொல்லுவாள், சில சமயம் சத்தமாகவே சொல்லுவாள். கேட்டவர்கள் அவள் வேறு யாரையோ திட்டுகிறாள் என்று நினைத்துக் கடந்துபோவார்கள்.

செடியின் முகத்தை முதலில் படிக்கத் தெரிந்துகொண்டது அவள் மகள் சிவரஞ்சனிதான். புனேயில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். சாயங்காலமானால் வீடியோவில் கூப்பிடுவாள். திரையில் அடுப்படிச் சுவரும், எண்ணெய்ச் சட்டியும், அதற்கு முன்னால் மாதுளையும் தெரியும்.

"சாப்பிட்டியாம்மா?"

"ம்ம், சாப்ட்டேன்."

"பொய் சொல்லாத. எல நுனியெல்லாம் கருகிக் கெடக்கு."

மத்தியானம் கடையில் கூட்டமாக இருந்தது, கொண்டுபோன தயிர்ச்சோறு அப்படியே பையில் புளித்துக் கிடந்தது. அன்றுமுதல் அவளால் மகளிடம் எதையும் மறைக்க முடியாமல் போனது. தூங்கவில்லை என்றால் இலை சுருண்டிருக்கும். நாள் முழுக்க நின்றே வேலை பார்த்திருந்தால் தண்டின் அடி வீங்கியிருக்கும். இதையெல்லாம் பார்த்துப் பார்த்து மகள் ஒருநாள் சொன்னாள்: "எம்மா, தெனம் எனக்கு ஒரு படம் எடுத்து அனுப்பு. எங்கனயாவது போயி, நல்லா வெளிச்சத்துல நின்னு எடு. ஒம் மொகந்தான் தெரிய மாட்டேங்குது, ஒஞ் செடியவாது பாத்துக்கிடுதேன்."

மறுநாள் காலையில், கடைக்குப் போகும் வழியில், குளத்துக் கரையில் உலகம்மாள் போனை நீட்டிப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாராவது பார்க்கிறார்களா என்று நாலு பக்கமும் பார்த்தாள். படம் விழுந்ததும் திறந்து பார்த்தாள்: செடியின் உச்சியில், இதுவரை இல்லாத சின்னஞ்சிறு சிவந்த மொட்டு. 'இந்த வயசுல இது ஒரு கேடா, வெக்கங்கெட்ட மூதி' என்று சொல்லிக்கொண்டே, சரியாக விழவில்லையோ என்று இன்னொன்று எடுத்தாள். இரண்டாவது படத்தில் மொட்டு கிளையில் இல்லை. செடியின் காலடியில், ஈர மண்ணில் விழுந்து கிடந்தது.

அவள் கரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கடைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தாமரை இலைகளுக்கு நடுவில் நீர்க்கோழி ஒன்று தன் குஞ்சுகளைக் கூட்டிக்கொண்டு, நடப்பதா நீந்துவதா என்று தெரியாத மாதிரி போனது. உலகம்மாளுக்குத் தன்மேல் இரக்கமெல்லாம் வரவில்லை. அந்தச் செடியின் மேல்தான் வந்தது. ஒரு செடியைப் பார்த்து யாராவது மூதி என்பார்களா? பூக்கவில்லையே என்று செடியை யாராவது கேவலமாகப் பேசுவார்களா? தண்ணீர் விட்டோமா, வெயில் படுகிறதா என்று நம்மைத்தானே கேட்டுக்கொள்வோம்? போன் திரையைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு, "தெரியாம சொல்லிட்டேன்" என்றாள், மெதுவாக, நீர்க்கோழிக்குக் கேட்காத குரலில்.

அன்றிலிருந்து அவள் வாயை அடக்கப் பழகினாள். லேசான வேலையில்லை அது. பழைய வார்த்தை நாக்கின் நுனிவரை வந்துவிடும். அப்போதெல்லாம் செடியை நினைத்துக்கொள்வாள். "பால் பொங்கிட்டு. பொங்குனா பொங்கட்டும், தொடச்சுக்கிடலாம்" என்று சொல்லிப் பார்ப்பாள், வேறு யாருடைய பாஷையையோ பேசிப் பழகுகிற மாதிரி.

படம் எடுப்பதும் வளர்ந்தது. முதலில் செடிக்குப் பொருத்தமான இடமாகத் தேடினாள், ஜாக்கெட் துணிக்குச் சேலை தேடுகிற அதே கண்ணோடு. வாய்க்கால் மதகின் பாசிப்பச்சைக்கு முன்னால் நின்று பார்த்தாள். பச்சையில் பச்சை அமுங்கிவிட்டது. கடையில் ஆளில்லாத நேரத்தில் ஊதாத் துணிக்கட்டுகளுக்கு முன்னால் நின்றாள். இலைகள் துள்ளிக்கொண்டு வெளியே வந்தன. சாரல் விழும்போது குடையை மடக்கிவிட்டு நின்றாள். பிறகு, தானில்லாத படங்களும் எடுக்க ஆரம்பித்தாள். கேட் தாழ்ப்பாளில் வரிசையாகத் தொங்கும் மழைத்துளிகள், ஒவ்வொன்றிலும் தலைகீழாக ஒரு தெரு. கொடியில் காயும் பாவாடைக்குள் புகுந்து வெளியே வரத் தெரியாமல் சுற்றும் வண்ணத்துப்பூச்சி. எவர்சில்வர் தட்டில் பட்டு, கூரைக்கு ஏறி, அங்கே தண்ணீர்போல ஆடும் காலை வெயில். அந்த வெயில் இத்தனை வருஷமாகத் தினம் வந்து ஆடிவிட்டுத்தான் போயிருக்கிறது, நாம்தான் முதுகைக் காட்டிக்கொண்டு பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தபோது அவளுக்குச் சிரிப்பு வந்தது. தனியாக, சத்தமாகச் சிரித்தாள். ஒரு படம் எடுக்க வேண்டுமென்றால் நின்றாக வேண்டும். நின்றால்தான் மூச்சு வருவது தெரிகிறது. மூச்சு தெரிந்தால், கால் வலிப்பதும் தெரிகிறது.

கால் வலிப்பது தெரிந்ததனால் ஒருநாள் முதலாளி சங்கரலிங்கத்திடம் போய் நின்றாள்.

"அண்ணாச்சி, எனக்கு ஒரு ஸ்டூல் வேணும். கூட்டம் இல்லாதப்ப உக்காந்துக்கிடுதேன்."

இத்தனை வருஷத்தில் அவள் எதையும் கேட்டதில்லை. முதலாளி கண்ணாடியை இறக்கிவிட்டு அவளைப் பார்த்தார். தெரு வாட்ஸ்அப் குழுவில் அவரும் இருந்தார். "சரிதான். செடின்னா ஒரு தொட்டி வேணும்லா" என்று, உள்ளேயிருந்து ஸ்டூலை அவரே தூக்கிக்கொண்டு வந்து போட்டார்.

வாட்ஸ்அப் குழுவைப் பற்றியும் சொல்ல வேண்டும். சிவரஞ்சனி ஒருதடவை கைதவறி அம்மாவின் படத்தைக் கீழத்தெருக் குழுவில் போட்டுவிட, அன்றுமுதல் உலகம்மாள் தெருச்சொத்தாகிவிட்டாள். ஒரு மனுஷியாக அவள் மெலிந்தபோது யாரும் ஒன்றும் கேட்டதில்லை. மனுஷிக்கு யோசனை சொன்னால் வம்பாகும். செடிக்கு யோசனை சொல்ல எல்லாருக்கும் உரிமை உண்டு. ஓய்வுபெற்ற கண்டக்டர் மாடக்கண்ணு அண்ணாச்சி, மொட்டைமாடியில் தோட்டம் போட்டிருந்தவர், தினமும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக் குரல்பதிவு போடுவார்: "மண்ணு இறுகிப்போயிருக்கு, உலகு. கொஞ்சம் கிண்டி விடணும். அதாவது, நீ நாலு பேருட்டப் பேசணும்." நிழல் அதிகமாயிருக்கிறது என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் அவளைக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். சத்து போதவில்லை என்று யாரோ முருங்கைக்கீரைச் சூப் கொண்டுவந்தார்கள். புரட்டாசியில் முதல் பூ வந்தது, மெழுகில் வார்த்த மாதிரி கெட்டிச் சிவப்பு. அன்றைக்குத் தெருப் பிள்ளையாருக்குச் சுண்டல் செய்து விநியோகித்தார்கள். உலகம்மாளுக்கும் ஒரு தொன்னை கொடுத்தார்கள், அவள்தான் பூத்தவள் என்பதை மறந்துவிட்டவர்கள் மாதிரி.

பூத்ததும் கூட்டம் வந்தது. கல்யாணமாகிக் குழந்தைக்குக் காத்திருக்கிற பெண்கள், மாதுளைக்குப் பக்கத்தில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டால் நல்லது என்று வந்தார்கள். பக்கத்து ஊர்களிலிருந்தெல்லாம் வந்தார்கள். பழைய உலகம்மாளாக இருந்தால் பசியோடு இருட்டும்வரை நின்றிருப்பாள். இப்போது, "இன்னைக்கு முடியாது தாயி, கால் அலுத்துட்டு. நாளைக்கு வாங்க" என்று சொல்லத் தெரிந்திருந்தது. சொன்னபிறகு மனசு கொஞ்சம் அடித்துக்கொள்ளும். ஆனாலும் கதவைச் சாத்தினாள்.

இதையெல்லாம் பிடிக்காத ஒரே ஆள், எதிர்வீட்டில் இருந்த அவளுடைய நாத்தனார் ஆவுடையம்மாள். வேலாயுதத்தின் அக்கா. தம்பி, தங்கை, அவர்கள் பிள்ளைகள் என்று வளர்த்து ஆளாக்கியே வயசானவள். விடிவதற்கு முன் வாசல் தெளிப்பாள், கடைசியாகச் சாப்பிடுவாள், நடுவில் அவள் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. "தம்பி செத்து ரொம்ப வருசம்கூட ஆகலை, இவளுக்குப் படம் ஒரு கேடு. பூக்காளாம், பூ" என்று தெருக்குழாயடியில் எல்லாருக்கும் கேட்கச் சொல்லுவாள். உலகம்மாள் அதைக் கேட்ட நாட்களில் படத்தில் இரண்டு இலை பழுத்திருக்கும்.

ஐப்பசி மழையில் அது வந்தது. காலையில் கடைக்கு முன்னால் எடுத்த படத்தில் செடியின் தண்டில், அடியிலிருந்து முழங்கை உயரத்தில், கடுகளவு துளை ஒன்று தெரிந்தது. அதைச் சுற்றி மரத்தூள் கொட்டியிருந்தது. மாடக்கண்ணு அண்ணாச்சி குரல்பதிவு போடாமல் நேரிலேயே வந்தார்.

"தண்டு தொளைப்பான்னு ஒரு புழும்மா. பூத்துக் குலுங்குத செடியிலதான் வரும். வெளிய எல பச்சையா இருக்கும், உள்ள தின்னுக்கிட்டுப் போவும். ஒனக்கு எதுவும் செய்யுதா?"

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. நல்லாத்தான் இருக்கேன்."

ஒன்றுமில்லாமல் இல்லை. எப்போதோ நின்றுபோயிருந்த மாதவிலக்கு ஆவணியிலிருந்து விட்டுவிட்டுப் பட ஆரம்பித்திருந்தது. அடிவயிற்றில் ஒரு வலி, காலையில் வந்து உட்காரும், சாயங்காலம்வரை எழுந்திருக்காது. இந்த வயசில் எல்லாருக்கும் வருவதுதான் என்று சொல்லிக்கொண்டாள். ஸ்டூல் கேட்கத் தெரிந்தவளுக்கு, கதவைச் சாத்தத் தெரிந்தவளுக்கு, இதை வாய்திறந்து சொல்லத் தெரியவில்லை. சின்னச் சின்ன விஷயங்களில் தன்மேல் அன்பாக இருப்பதை அவள் கற்றுக்கொண்டிருந்தாள். பெரிய விஷயத்தில் பயம்தான் இருந்தது. தெருக்காரர்கள் வேப்பெண்ணெய் கொண்டுவந்தார்கள், படத்தில் எங்கே பூசுவது என்று தெரியாமல் திரும்பக் கொண்டுபோனார்கள். அவள் படம் எடுப்பதை நிறுத்தினாள். வீடியோவில் வந்தால் தெரிந்துவிடும் என்று, போனில் வீடியோ வரவில்லை, துளையெல்லாம் ஆறிவிட்டது எனச் சொல்லி மகளுக்குப் பழைய படங்களாக எடுத்து அனுப்பினாள்.

சிவரஞ்சனி புனேயில் உட்கார்ந்து, அப்படி வந்த ஒரு படத்தைப் பார்த்தாள். குளத்துக்கரை, தாமரை, நல்ல பூ. ஆனால் ஐப்பசி மாதத்துக் குளத்தில் தண்ணீர் கரைவரை நிற்க வேண்டும். படத்தில் அடிப்படிக்கட்டு தெரிந்தது. அவள் அம்மாவைக் கூப்பிடவில்லை. அத்தையைக் கூப்பிட்டாள்.

ஆவுடையம்மாள் தெருவைத் தாண்டி வந்தபோது உலகம்மாள் அடுப்படியில், அம்மிக்கல்லைப் பிடித்தபடி குனிந்து நின்றிருந்தாள். ஆவுடையம்மாளிடம் ஒரு போன் இருந்தது, அதில் பேச மட்டும்தான் அவளுக்குத் தெரியும் என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவள் அதைத் தூக்கி, ஒரு படம் எடுத்தாள். எடுத்ததைக் கண்ணுக்கு அருகில் வைத்துப் பார்த்தாள். துளை இப்போது கட்டைவிரல் நுழைகிற அளவுக்கு இருந்தது. மரத்தூள், அடுப்படித் தரையில் குவிந்து கிடந்தது.

"எம்புட்டு நாளாட்டி?"

"மைனி, ஒண்ணுமில்ல…"

"ஒண்ணுமில்ல." ஆவுடையம்மாள் போனை இடுப்பில் செருகினாள். "எந் தம்பியும் இதத்தான் சொன்னான். வாயுப் பிடிப்புதான்க்கா, ஒண்ணுமில்லன்னான். சொல்லிட்டு அந்தக் கதவு வரைக்கும்கூடப் போவல. ஒண்ணுமில்ல ஒண்ணுமில்லன்னு சொல்லியே எல்லாரும் போயிருங்க. நான் மட்டும் வாசத் தெளிச்சுக்கிட்டுக் கெடக்கேன்." அவள் மூக்கை உறிஞ்சினாள். "சேலைய மாத்து. திருநவேலிக்குப் போவோம்."

பஸ்ஸில் ஆவுடையம்மாள் முழுவழியும் உலகம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள், திட்டிக்கொண்டும் வந்தாள். ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டர் மும்தாஜ் என்ற பெண், மகள் வயசுதான் இருக்கும், படத்தை வெளிச்சப் பலகையில் மாட்டினார். அதில் தண்டும், தண்டுக்குள் வளைந்து போகிற ஒரு கறுத்த பாதையும், கீழே விரல் விரலாக வேர்களும் தெரிந்தன. டாக்டர் பேனா முனையால் அந்தப் பாதையைத் தொட்டுக் காட்டினார்.

"கர்ப்பப்பையில கட்டி. சதைய டெஸ்டுக்கு அனுப்பணும். ஆனா பாருங்க, வேருக்கு எறங்கல. தண்டோட நிக்குது. இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் வேற மாதிரி பேசியிருப்பேன்."

"வெட்டணுமா?" என்று கேட்டாள் ஆவுடையம்மாள்.

"கர்ப்பப்பைய எடுக்கணும்."

உலகம்மாள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "பெறவு பூக்குமா, டாக்டர்?"

டாக்டர் பொய் சொல்லவில்லை. "தெரியலம்மா. நீங்க இருப்பீங்க. அது தெரியும்."

சோதனை முடிவு, டாக்டர் பயந்தபடியே புற்றுதான் என்று வந்தது, ஆரம்பத்திலேயே பிடித்துவிட்டார்கள். சிவரஞ்சனி புனேயிலிருந்து வந்து சேர்ந்தாள், அறுவை நடந்தது, தீபாவளி ஆஸ்பத்திரி வராந்தாவில் போனது. வீட்டுக்கு வந்தபிறகு உலகம்மாள் போனைத் தொடவில்லை. தெருவில் எல்லாரும் காத்திருந்தார்கள், செடி எப்படி இருக்கிறது என்று தெரிந்துகொள்ள. மாடக்கண்ணு அண்ணாச்சி வாசலில் நின்று, "ஒரே ஒரு படம், உலகு. நெலவரம் தெரியணும்லா" என்று கெஞ்சினார். மகளும் கேட்டாள்.

"வேண்டாம்" என்றாள் உலகம்மாள்.

"பயமா இருக்காம்மா?"

"பயந்தான். ஆனா அது மட்டும் இல்லட்டி. செடி நல்லா இருந்தாத்தான் எனக்குக் கஞ்சி குடிக்கணுமா? பூத்தாத்தான் நான் வெயில்ல உக்காரணுமா? அது மொட்டக்கட்டையாவே நிக்கட்டும். எனக்கு இப்பம் பசிக்கி. கொஞ்சம் உப்புக் கம்மியாப் போட்டுக் கொண்டா."

அப்படியே கார்த்திகையும் மார்கழியும் போயின. காலையில் நாற்காலியை முற்றத்தில் போட்டுக்கொண்டு உட்காருவாள். வயிற்றுத் தையலைத் தொட்டுப் பார்த்து, "ஆறுது, மெதுவா ஆறட்டும்" என்பாள், அதை ஒரு குழந்தைக்குச் சொல்கிற மாதிரி. ஓணான் தலையாட்டுவதைப் பார்ப்பாள். படம் எடுக்காமலே அவளுக்கு இப்போது நிற்கத் தெரிந்திருந்தது. எறும்புகள் ஒரு தும்பியின் இறக்கையைப் பாய்மரம்போலத் தூக்கிக்கொண்டு போவதை ஒரு முழுக்காலைப் பொழுதும் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆவுடையம்மாள் ரசம் கொண்டுவந்து வைத்துவிட்டு, உட்காராமல், பார்க்காமல், வேலையிருக்கிறதென்று போவாள்.

பொங்கலன்று தெருவில் கூட்டுப் பொங்கல் வைத்தார்கள். பிள்ளையார் கோயிலுக்கு முன்னால் அடுப்புகள் வரிசையாகப் புகைந்தன. பொங்கி முடித்ததும் எல்லாரும் நின்று ஒரு படம் எடுத்துக்கொள்வது வழக்கம். உலகம்மாள் நீலச் சேலை கட்டிக்கொண்டு வந்து, மகளின் தோளைப் பிடித்தபடி நடுவில் நின்றாள். நின்றால் என்ன, படம் எப்படி வந்தால் என்ன என்று இருந்தது அவளுக்கு. ஞானதுரை எதிர்வீட்டு மாடியில் ஏறி நின்று எடுத்தார். எடுத்ததும் கீழே இறங்கி வந்து, காமிராவின் பின்பக்கத்தைப் பார்த்தார், பிறகு அதைத் தன் மடிக்கணினியில் போட்டுக் கோயில் படியில் வைத்தார்.

படத்தில் ஒரு தோப்பு இருந்தது. கீழத்தெரு முழுக்க, சுவரிலிருந்து சுவர்வரை, செடியும் கொடியும் மரமுமாக அடைத்துக்கொண்டு நின்றது. ஒரு மனுஷர்கூட இல்லை. நடுவில் மட்டும் நீலச் சேலையில், வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, கன்னம் ஒட்டி, முன்னந்தலை நரைத்து, உலகம்மாள் நின்றாள். அவள் கை ஒரு வேங்கைமரக் கன்றின் மேல் இருந்தது.

சிவரஞ்சனி திரையில் அந்த முகத்தைத் தொட்டாள். அம்மா பக்கத்தில்தான் நின்றாள், இருந்தாலும் படத்தில்தான் தொட்டாள். உலகம்மாளும் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டில் ரொம்ப நேரமாக யாருக்கோ காத்துக்கொண்டிருக்கிற ஒரு பெண்ணைப் பார்ப்பது மாதிரி இருந்தது. பாவம், அலுத்திருக்கிறாள், ஆனால் நல்ல முகம் என்று தோன்றியது.

தெருக்காரர்களுக்கு அவளைப் பார்க்க நேரமில்லை. எல்லாரும் தங்களைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

"நான் எங்கன? நான் பானைக்குப் பக்கத்துலல்லா நின்னேன்?"

"அங்கன ஒரு எலுமிச்ச நிக்கு பாருங்க, முதலாளி. நீங்கதான்."

"எல சுருண்டுல்லா இருக்கு. எனக்கு ஏன் எல சுருளணும்?" என்ற சங்கரலிங்கம், சுகர் மாத்திரை போட்டு எத்தனை நாளாயிற்று என்று யோசிக்கிற முகத்தோடு ஒதுங்கினார். ஊருக்கெல்லாம் மண்ணைக் கிண்டச் சொன்ன மாடக்கண்ணு அண்ணாச்சி, பற்றிக்கொள்ள ஒன்றும் இல்லாமல் தரையில் தவழும் அவரைக்கொடியாக இருந்தார். அவர் மனைவி போனபிறகு வீட்டில் அவர் தனியாகத்தான் இருந்தார் என்பது, அப்போதுதான் தெருவுக்கு உறைத்தது. "அண்ணாச்சி, ராத்திரிக்கு நம்ம வீட்டுக்கு வந்துருங்க" என்று யாரோ சொன்னார்கள், அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மாதுளை போய்விட்டதே என்று ஒன்றிரண்டு பேர் வருத்தப்படவும் செய்தார்கள். நல்ல செடி, என்றார்கள்.

"எல்லாரும் இருக்கீய. என்னையத்தான் காங்கல" என்றாள் ஆவுடையம்மாள்.

அவள் நின்றது ஓரத்தில், கோயில் மதிலை ஒட்டி. சிவரஞ்சனி அந்த மூலையைப் பெரிதாக்கினாள். மதிலின் காரை வெடிப்பில், செங்கலுக்கும் செங்கலுக்கும் நடுவில், ஓர் அரசங்கன்று துருத்திக்கொண்டு நின்றது. கெட்டியான, முறுக்கேறிய சின்னக் கன்று. அதற்குக் கீழே சுவர்தான் இருந்தது.

ஆவுடையம்மாள் திரைக்குப் பக்கத்தில் குனிந்தாள்.

"மண்ணே இல்லயேட்டி அங்கன" என்றாள். பிறகு, யாரையும் பார்க்காமல், "எதக் குடிச்சிட்டு நிக்கேன் இம்புட்டுக் காலமா?" என்றாள்.

அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, பானைகளைக் கழுவப் போய்விட்டாள்.

மறுநாள் மாட்டுப் பொங்கல். காலை வெயில் மலைமுகட்டில் பட்டு இறங்கி, வீடுகளின் நெற்றியில் பட்டுக்கொண்டிருந்தபோது ஆவுடையம்மாள் உலகம்மாளின் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தலைக்குக் குளித்து, பெட்டியிலிருந்து எடுத்த மடிப்புக் கலையாத சேலை ஒன்றைக் கட்டியிருந்தாள்.

"ஏட்டி உலகு. அந்தப் போன எடு. என்னையத் தனியா ஒரு படம் எடு."

மாடிக்குப் போனார்கள். உலகம்மாள் ஒவ்வொரு படியாக, கைப்பிடியைப் பிடித்து, அவசரப்படாமல் ஏறினாள். மேலே காற்று இருந்தது, தூரத்தில் மலையிறக்கத்தில் அருவியின் வெள்ளைக்கோடு இருந்தது.

"கைய எங்கன வைக்கணும்?"

"எங்கன வேணும்னாலும் வைங்க மைனி."

"சிரிக்கணுமா?"

"வேண்டாம். சும்மா நில்லுங்க."

சும்மா நிற்பது எப்படி என்று ஆவுடையம்மாளுக்குத் தெரியவில்லை. கொடியில் கிடந்த துண்டை எடுத்து மடித்தாள். தரையில் கிடந்த சருகைப் பொறுக்கிக் கீழே போட்டாள். வாளியை நிமிர்த்தி வைத்தாள். உலகம்மாள் போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டு காத்திருந்தாள். மாடியில் செய்வதற்கு இனி ஒரு வேலையும் பாக்கியில்லை என்று ஆனபோது, ஆவுடையம்மாள் திரும்பி நின்றாள். வெயில் அவள் முகத்தில் விழுந்தது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். கொஞ்சம் கொஞ்சமாகத் தோள்கள் இறங்கின, முதலில் ஒன்று, பிறகு மற்றொன்று. இரண்டு கைகளும் எதையும் பிடிக்காமல், பக்கவாட்டில், தாமாகவே தொங்கின.

"அப்பிடியே இருங்க" என்றாள் உலகம்மாள்.